ஒரே அலைவரிசையில் இரண்டு தடம்: தளவிளைவும் மதுரைச் சமவெளியும்

1980களின் பிற்பகுதியில் மதுரையில் டி.வி. வாங்கிய வீடுகளுக்கு மொட்டைமாடியில் ஒரு வேலை கூடியது. அலுமினியக் குழாய் ஆன்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்ப வேண்டும். மாடியில் ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் திருப்பியபடி "இப்பத் தெரியுதா?" என்பார். கூடத்திலிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். திசை சரியாக அமைந்தால் போதும் என்றே எல்லோரும் நம்பினோம். ஆனால் தெருவில் எந்த வீட்டை அண்ணாந்து பார்த்தாலும் ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாகப் படுத்தே இருந்தன. திசையை மாற்றாமல், கம்பிகள் நிமிர்ந்து நிற்கும்படி புரட்டிக் கட்டியிருந்தால் படம் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். மலையிலிருந்து வந்த அலை கிடையாக ஆடியபடி வந்தது. அதைப் பிடிக்கும் கம்பியும் கிடையாக இருந்தாக வேண்டும்.

இன்று அதே மாடிகளில் கைபேசி நிறுவனங்களின் வெள்ளைப் பட்டை ஆன்டெனாக்கள் நிற்கின்றன. ஒன்றின் அடிப்புறத்தை அருகில் போய்ப் பார்த்தால் அடுத்தடுத்து இரண்டு கேபிள்கள் திருகப்பட்டிருக்கும். ஒன்றின் மேல் +45 என்றும் மற்றொன்றின் மேல் −45 என்றும் குறித்திருக்கும். கருப்பு டேப் சுற்றிய அந்த இரண்டு கேபிள்களும் உறைக்குள் ஒரே இடத்தில் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்கும் இரு வரிசைக் கம்பிகளுக்குப் போகின்றன. கோபுரம் ஏறும் பணியாளர்கள் இதை 'கிராஸ்-போல்' என்பார்கள். ஒரே உறைக்குள், ஒரே அதிர்வெண்ணில், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன.

அலையின் இந்தச் சாய்வை வைத்துக் கம்பியில்லாத் தொடர்பின் கொள்ளளவை எவ்வளவு உயர்த்தலாம் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அதன் முடிவுகளை மதுரை நகரத்தின் மீதும் அதைச் சூழ்ந்த சமவெளியின் மீதும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுக்குக் கம்பி ஆன்டெனா நகரத்தில் ஒரு வேலையும் சமவெளியில் வேறொரு வேலையும் செய்கிறது. நகரத்து வேலையை நாம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். கிராமங்களுக்கு அதிகம் பயன்தரும் இரண்டாவது வேலைக்கு இன்னும் உரிய கவனம் கிடைக்கவில்லை.

அலை ஆடும் தளம்

மின்காந்த அலை முன்னேறும் திசைக்குக் குறுக்கே அதன் மின்புலம் ஆடுகிறது. அது எந்தத் தளத்தில் ஆடுகிறதோ அதைப் பள்ளிப் பாடநூல்கள் தளவிளைவு என்ற சொல்லோடு சேர்த்துக் கற்பிக்கின்றன. களத்தில் இருப்பவர்கள் 'போலரைசேஷன்' என்றே சொல்கிறார்கள். குத்தாக ஆடும் அலை படுத்த கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பாது. கிடையாக ஆடும் அலை நின்ற கம்பியை எழுப்பாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்கள் நெசவில் பாவும் ஊடும் போல ஒன்றையொன்று கடக்கின்றன. இழைகள் கலப்பதில்லை.

1888இல் ஹெர்ட்ஸ் இணைகம்பிச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்துத் திருப்பி இதைக் காட்டினார். அடுத்த பெரிய அடி நம் நாட்டில் விழுந்தது. 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய அலைகளை உண்டாக்கி, அவற்றின் தளவிளைவைப் படிகங்களைக் கொண்டு ஆராய்ந்து ஆசியச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணையின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத்தாள் செருகி அதையே தளவிளைவு வடிகட்டியாக வைத்தார். முறுக்கிய சணல் கட்டு அலையின் தளத்தைத் திருப்புகிறது என்றும் கண்டார். அவர் கையாண்ட 60 கிகாஹெர்ட்ஸ் பகுதியை அதிவேக வைஃபைக்காக உலகம் இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கிறது. 1956இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சி. வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம் தம் 22ஆம் வயதில், வெவ்வேறு தளவிளைவுள்ள ஒளிக்கதிர்கள் சேரும்போது எழும் கட்ட வேறுபாட்டை விளக்கினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நடைமுறையில் இந்த அறிவை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவை செயற்கைக்கோள்கள். ஒரே அதிர்வெண்ணில் ஒரு சானலைக் குத்தாகவும் இன்னொன்றைக் கிடையாகவும் அனுப்பினால் ஒரு பாதையில் இரண்டு சுமை போகும். வீட்டு மாடியில் இருக்கும் குடைத்தட்டின் எல்.என்.பி. என்ற அலைவாங்கிக்குள் இது தினமும் நடக்கிறது. செட்-டாப் பெட்டி 13 வோல்ட் கொடுத்தால் அது குத்துத் தளத்தைக் கேட்கும். 18 வோல்ட் கொடுத்தால் கிடைத் தளத்தைக் கேட்கும். குடையைப் பொருத்த வருபவர் எல்.என்.பி.யைப் பிடித்து மெல்லத் திருகுவது இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான்.

முதல் வேலை: மங்கலுக்கு மாற்று

தரையில் நடமாடும் கைபேசிக்கு வரும் அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவர், வாகனம், விளம்பரப் பலகை என்று பலவற்றில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. அவை சில இடங்களில் கூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு சாண் நகர்ந்தால் சிக்னல் விழுவதும் மறுபடி எழுவதும் இதனால்தான். பொறியாளர்கள் இதை ஃபேடிங் என்பார்கள். மங்கல் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மருந்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மங்கும் இரண்டு வழிகளில் அதே சிக்னலைப் பெறுவது. இதற்குப் பெயர் டைவர்சிட்டி, தமிழில் பன்மை.

கணக்கு எளியது. மங்கல் நிறைந்த சூழலில் ஒரு கிளையின் வலிமை தன் சராசரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்து கிடக்கும் நேரம், நூற்றுக்கு ஏறத்தாழ 9.5. அதே சராசரி வலிமையுடன், தனித்து மங்கும் இரண்டாவது கிளை இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்து கிடக்கும் நேரம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதற்காகக் கோபுரத்தின் மின்திறனை ஒரு வாட் கூட உயர்த்த வேண்டியதில்லை.

முதலில் இந்தப் பன்மையை இடைவெளியால் பெற்றார்கள். கோபுரத்தில் இரண்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று சாராமல் கேட்க வேண்டுமானால் அவற்றுக்கு நடுவே 10 முதல் 20 அலைநீளம் வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம் 33 சென்டிமீட்டர். ஆக 3 முதல் 6 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு திசைக்கும் அனுப்ப ஒன்று, பெற இரண்டு என்று மூன்று திசைக்கு ஒன்பது ஆன்டெனாக்கள் தொங்கிய கோபுரங்கள் பல இருந்தன. 1972இல் பெல் ஆய்வகத்தின் லீயும் யேயும் தளவிளைவையே பன்மைக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். 1990இல் வாகன் தம் அளவீடுகளால் அதை மேலும் உறுதிப்படுத்தினார். கைபேசி பரவிய 1990களில் ±45 பாகைப் பட்டை ஆன்டெனா வந்தது. ஒன்பது ஆன்டெனாக்கள் மூன்றாகச் சுருங்கின. இடம், எடை, காற்றின் தாக்கு எல்லாம் குறைந்தன.

மதுரையின் நடுப்பகுதிக்கு இது வரம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காகச் சுழலும் தெருக்களில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, மாடிகள் குறுகலானவை. அங்கே ஆறு மீட்டர் இடைவெளிக்கு இடமில்லை. ஒரே கம்பத்தில் ஒரே பட்டைக்குள் இரண்டு ஆன்டெனாவை அடைக்க முடிந்ததால்தான் இந்த வீதிகளில் கைபேசி நிம்மதியாகப் பேசுகிறது.

இரண்டாவது வேலை: இரட்டைச் சுமை

ஒரே செய்தியை இரண்டு வழியில் கேட்பது பாதுகாப்பு. இரண்டு வழியிலும் வெவ்வேறு செய்தியை அனுப்பினால் அது கொள்ளளவு. இந்தத் திருப்பத்தில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் சேர்ந்து 'அப்சோ' சோனார் கருவியை உருவாக்கிய குழுவை நடத்தியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து, பல ஆன்டெனாக்கள் வழியே ஒரே அலைவரிசையில் பல தரவுத் தாரைகளை அனுப்பும் முறைக்கு 1992இல் விண்ணப்பித்து 1994இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்று மைமோ என்ற பெயரில் வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றுக்கும் அடிப்படை. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

மைமோவின் பயனை ஷானன் 1948இல் தந்த சூத்திரத்தைக் கொண்டே அளக்கலாம். இரைச்சலைவிடச் சிக்னல் 100 மடங்கு வலுவாக இருந்தால் ஒரு ஹெர்ட்ஸில் நொடிக்கு 6.66 பிட் போகும். மின்திறனை இரட்டிப்பாக்கினால் அது 7.65 ஆகும், இரண்டு பங்கு செலவுக்கு ஒரு பிட்தான் லாபம். அதே பழைய மின்திறனைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கலக்காத இரண்டு தளங்களில் இரண்டு தாரைகளாக அனுப்பினால் மொத்தம் 11.34 பிட் கிடைக்கும். ஆனால் சிக்னலும் இரைச்சலும் சமமாக இருக்கும் வலுவற்ற இடத்தில் ஒரு தாரைக்கு 1 பிட், பிரித்தால் 1.17. அங்கே இரட்டைத் தாரையால் பெரிய லாபமில்லை. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: சிக்னல் வலுவாக இருக்கும் இடத்தில் பிரித்து அனுப்பு, நலிந்த இடத்தில் ஒன்றையே இரண்டு வழியில் அனுப்பு.

மைமோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. அலைகள் பல திசைகளிலிருந்து சிதறி வந்தால்தான் அடுத்தடுத்து நிற்கும் ஆன்டெனாக்கள் வெவ்வேறு தாரைகளைப் பிரித்தறிய முடியும். தடையில்லாத நேர்ப்பார்வையில் எல்லா ஆன்டெனாவுக்கும் ஏறக்குறைய ஒரே அலை வருகிறது. இடைவெளியால் பெற்ற பல தடங்கள் ஒன்றாகக் குவிந்துவிடுகின்றன. 2002இல் நபாரும் பால்ராஜும் அவர்களோடு பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் உதவுகிறது. தளவிளைவால் பிரித்த ஆன்டெனாக்களை வைத்தால் நேர்ப்பார்வை ஓங்கிய பாதையிலும் இரண்டு தாரைகள் பிரிந்தே நிற்கும். சிதறலில்லாத இடத்தில் தளம் கலங்குவதுமில்லை. குத்து குத்தாகவே வந்து சேர்கிறது. கிடை கிடையாகவே வந்து சேர்கிறது.

ஒரு சந்தேகம் எழலாம். கைபேசியை யாரும் நேராகப் பிடிப்பதில்லையே? கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆற்றில் நிற்கும் கூட்டம் தலைக்கு மேல் கைகளை உயர்த்திப் படம் பிடிக்கும்போது எத்தனை சாய்வுகள்! ஆனால் கருவிக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தால் அவை இரண்டும் சேர்ந்தே சாய்கின்றன. இரண்டு தாரைகளும் கலந்து வந்தாலும் அந்தக் கலவையின் கணிதம் தெரியும் என்பதால் மறுமுனையில் பிரித்துவிடலாம். ஒற்றை ஆன்டெனாக் கருவிக்கு இந்த வசதி கிடையாது.

ஆறு தடங்கள் உண்டா?

2001இல் பெல் ஆய்வகத்தின் மைக்கேல் ஆண்ட்ரூஸ், பார்த்தா மித்ரா, ராபர்ட் டிகார்வாலோ மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரிய அலையை எழுப்பியது. சிதறல் நிறைந்த சூழலில் மின்புலத்துக்கு மூன்று திசைக் கூறுகளும் காந்தப்புலத்துக்கு மூன்று திசைக் கூறுகளும் தனித்தனித் தடங்களாகப் பயன்படலாம். ஆக இரண்டு என்று நினைத்தது ஆறாகலாம், கொள்ளளவு மூன்று மடங்காகலாம் என்றது அந்த ஆய்வு.

அதை ஒட்டி நடந்த விவாதம் பயனுள்ளது. ஒரே திசையிலிருந்து தூரத்தில் வரும் ஓர் அலைக்கு இரண்டு தளங்களுக்கு மேல் கிடையாது. இது இயற்பியல் போட்ட எல்லை. ஆறு வேண்டுமானால் அலைகள் மேல், கீழ், பக்கம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தாக வேண்டும். அப்போதும் கூடுதல் லாபத்தில் ஒரு பங்கு தளவிளைவுடையது, மறு பங்கு திசைகளின் பன்மையிலிருந்து வருவது என்று பின்வந்த ஆய்வுகள் பிரித்துக் காட்டின. மாடியில் நிற்கும் கோபுரத்துக்கு அலைகள் ஒரு குறுகிய கோணத்திற்குள்ளிருந்துதான் வருகின்றன. ஆகவே வீட்டுக்குள்ளும் ஆலைக்குள்ளும் ஆறு தடங்களை நோக்கி முயலலாம். தெருவிலும் வயல்வெளியிலும் இரண்டுதான் உறுதியான எண். இரண்டை முழுமையாகப் பெறுவதே நம் வேலை.

மாசி வீதியும் மேலூர்ச் சாலையும்

குத்துத் தளத்தில் அனுப்பிய அலை சேருமிடத்தில் எவ்வளவு கிடைத் தளத்துக்குக் கசிந்திருக்கிறது என்பது ஓர் அளவு. உலகின் பல நகரங்களில் எடுத்த அளவீடுகளில் முதன்மைத் தளம் மற்றதைவிட 5 முதல் 8 டெசிபல் வலுவாக இருக்கிறது; திறந்த வெளியில் 10 டெசிபலுக்கு மேல் போகிறது. 6 டெசிபல் என்றால் கசிந்த பங்கு நான்கில் ஒன்று. 15 டெசிபல் என்றால் முப்பதில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

முன்சொன்ன மங்கல் கணக்கை இங்கே திரும்பப் போட்டால் படம் தெளிவாகும். இரண்டாவது கிளை 6 டெசிபல் நலிந்திருந்தால் இரண்டும் சேர்ந்து விழும் நேரம் நூற்றுக்கு 3. இன்னும் நல்ல லாபம்தான். 15 டெசிபல் நலிந்திருந்தால் அது நூற்றுக்கு 9.1. ஒற்றைக் கிளையின் 9.5க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

மாசி வீதியில் நிற்பவருக்கு அலை வரும் வழியில் சாய்ந்த தகரக் கூரை, மாடி விளிம்பு, குறுக்கே ஓடும் கேபிள்கள், பெயர்ப் பலகைகள் எல்லாம் நிற்கின்றன. சற்றுத் தள்ளி கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைநீளத்துக்கு ஒப்பான அளவில், எல்லாக் கோணத்திலும் வளைந்த பரப்புகள் அவை. ஒவ்வொன்றும் அலையின் தளத்தைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. ஆகவே நகரத்தில் கலக்கம் நமக்கு உதவி செய்கிறது. இங்கே குறுக்குக் கம்பி ஆன்டெனா மங்கலுக்கு மருந்தாகிறது.

ஒத்தக்கடை தாண்டி யானைமலையை ஒட்டி மேலூர்ச் சாலையில் போனால் வேறு உலகம். கண்மாய், வயல், பனை, தூரத்தில் ஒரு கோபுரம். அங்கே தளம் கலங்குவதற்கு ஏதுவான பொருள்கள் குறைவு. பன்மையின் லாபம் குறைகிறது என்று அங்கே கையை விரித்துவிடக் கூடாது. தளங்கள் கலங்காமல் வருவதே அங்கே செல்வம். கலங்காத இரண்டு தளத்தில் இரண்டு தனித் தாரைகள் ஓடும். நகரத்தில் ஆன்டெனாவுக்குத் துணை செய்வது சிதறல். சமவெளியில் துணை செய்வது ஒழுங்கு. கட்டுரையின் மையக் கருத்து இதுதான். கிராமத்து இணைப்பைத் திட்டமிடுபவர் இதைப் பிடித்துக்கொண்டால் அலைக்கற்றைக்கு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவிடாமல் கொள்ளளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம். 2022 ஏலத்தில் 5ஜி அலைக்கற்றை சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்குப் போன நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

மேலூரும் தேனியும் போட்ட பாதை

கம்பியில்லா இணைப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியில் இந்தப் பகுதி உலகின் கவனத்தைப் பெற்றது. 2001இல் மேலூர் வட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் ஆகியவை சேர்ந்து கிராம இணைய மையங்களைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 'கோர்டெக்ட்' என்ற கம்பியில்லா முறை, 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் அந்த மையங்களை இணைத்தது. அங்கிருந்து கண்ணின் படம் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த அடி தேனியில். அரவிந்தின் தேனி மருத்துவமனையையும் சுற்று வட்டாரத்தின் ஐந்து பார்வை மையங்களையும் கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டியர் குழு சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டு இணைத்தது. ஒன்பது இணைப்புகள்; ஒரு கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. சில ஆன்டெனாக்கள் கோபுரங்களில் நின்றன. ஒன்று நூற்பாலையின் புகைபோக்கியில் ஏறியது. வீட்டுக்குள் பேசுவதற்கென்று அமைந்த வைஃபை நெறிமுறை நீண்ட தூரத்தில் திணறியது. அதை மாற்றியமைத்து, தரவு வேகத்தை 2 முதல் 5 மடங்கு உயர்த்திய முறையை அந்தக் குழு 2007இல் வெளியிட்டது. பார்வை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனியிலிருந்து மருத்துவர் நேரடியாகப் பார்த்துப் பேசினார்.

வைஃபைக்குள் மைமோ அதிகாரபூர்வமாக நுழைந்தது 2009இல், 802.11என் தரத்தோடு. அதன் பிறகு வந்த வெளிப்புற ரேடியோக்கள் பெரும்பாலும் ஒரே தட்டில் குத்து, கிடை இரண்டு தளங்களோடும் வருகின்றன. நேர்ப்பார்வைக் கம்பம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு தாரைகள் ஓடுவது அந்த இரட்டைத் தளத்தால்தான். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் வெளியில் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இன்று உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ ஒரு சிறு இணைய வழங்குநர் கையளவுத் தட்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டி அடுத்த ஊருக்கு இணைப்புக் கொடுக்கும்போது, தேனியில் அன்று ஒரு தாரையில் ஓடியது இரண்டு தாரையில் ஓடுகிறது. பெரிய நிறுவனங்களின் கோபுரங்களை இணைக்கும் மைக்ரோவேவ் தட்டுகளிலும் ஒரே அதிர்வெண்ணில் இரு தளங்களை ஏற்றி, கசிவைக் கணிதத்தால் கழிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது.

கைபேசி வலையும் இதே திசையில் வளர்ந்திருக்கிறது. 4ஜி கோபுரத்தின் அடிப்படை அமைப்பே குறுக்குத் தள இரட்டை. 2023 தொடக்கத்தில் மதுரைக்கு வந்த 5ஜியின் பெரிய ஆன்டெனாப் பலகைகளில் 64 கிளைகள் இருந்தால் 32 ஒரு சாய்வில், 32 மறுசாய்வில். கதிரைத் திசைதிருப்பும் வித்தை அந்த 32இன் வேலை. அதை இரட்டிப்பாக்குவது தளவிளைவு.

மழை, தென்னை, கண்மாய்

சமவெளி முழுக்க வெறுமையானது அல்ல. விழும் மழைத்துளி உருண்டையாக இருப்பதில்லை. காற்றின் எதிர்ப்பால் அடிப்பக்கம் தட்டையாகிறது. ஆகவே கிடைத் தள அலை மழையில் கூடுதலாக நலிகிறது. 15, 18 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இணைப்புகளில் இது நன்றாகத் தெரியும். காற்றடித்துத் துளிகள் சாய்ந்தால் இரண்டு தளங்களும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரட்டைத் தள இணைப்பு தடுமாறுவது இதனால்தான். கோடையில் அளந்த எண்ணை வைத்து இணைப்பை வடிவமைத்தால் வடகிழக்குப் பருவத்தில் ஏமாறுவோம்.

சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்புகள் வேறு மாதிரி. நிமிர்ந்த மரத்தண்டுகள் குத்துத் தள அலையைக் கூடுதலாக உறிஞ்சும். பண்பலை வானொலி இயங்கும் குறைந்த அதிர்வெண்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதிர்வெண் கூடக்கூட எல்லாக் கோணத்திலும் விரிந்த ஓலைகள் முன்னுக்கு வந்து வேறுபாடு மங்கும்.

நீர்ப்பரப்பு மூன்றாவது. தண்ணீரில் படும் அலை, தளத்துக்கு ஏற்ப வேறுவிதமாகத் திரும்புகிறது. கிடைத் தளம் ஏறத்தாழ முழுவதும் திரும்பும். குத்துத் தளம் நீர்மட்டத்திலிருந்து 6 பாகையை ஒட்டிய கோணத்தில் மிகக் குறைவாகத் திரும்பும். 30 மீட்டர் கோபுரத்திலிருந்து கையிலிருக்கும் கைபேசிக்கு அந்தக் கோணம் வருவது சுமார் 280 மீட்டர் தூரத்தில். நிரம்பிய கண்மாயின் கரையில் கோபுரம் நின்றால் அந்தத் தூரத்தில் இரண்டு தளங்களும் வெவ்வேறாக மங்கும். பன்மைக்கு அங்கே உயிர் வரும். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் கோணம் 2 பாகைக்கும் கீழே போய் இரண்டும் ஒன்றுபோல் நடக்கும். கண்மாய் வற்றிய சித்திரையில் அதே இடத்தின் கணக்கு மறுபடி மாறும்.

கண்ணுக்குத் தெரியாத பழுது

இந்த நுட்பத்தின் பெரிய அபாயம் அதன் நற்குணத்திலேயே இருக்கிறது. இரண்டு கேபிள்களில் ஒன்றில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் மற்றொன்று பேசிக்கொண்டே இருக்கும். கைபேசியில் கோடுகள் தெரியும், அழைப்பு போகும். பாதிக் கொள்ளளவு போனது யாருக்கும் உடனே தெரியாது. "இந்த ஊர்ல நெட்டு இப்படித்தான்" என்று மக்களும் பழகிவிடுகிறார்கள். கோபுரம் ஏறியவர் இரண்டு கேபிள்களில் ஒன்றைப் பக்கத்துத் திசை ஆன்டெனாவில் மாற்றிச் செருகிவிட்டாலும் இதே கதிதான். இரண்டு கிளைகளின் வலிமை வேறுபாட்டைக் காட்டும் எச்சரிக்கை கருவிகளிலேயே இருக்கிறது. அதைத் தினசரி பார்த்துத் திருத்துவதைப் பராமரிப்பின் கட்டாய விதியாக்க வேண்டும்.

இரண்டாவது தேவை, நம் மண்ணின் அளவீடு. டோக்கியோவிலும் ஐரோப்பிய நகரங்களிலும் கிடைத்த டெசிபல் எண்களை மாசி வீதிக்கும் மேலூர் வயலுக்கும் அப்படியே ஒட்டவைப்பது தற்காலிக ஏற்பாடுதான். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்கென டைஃபாக் அமைப்பின் சிறப்பு மையம் அமைந்தது. ஆன்டெனா ஆய்வில் தேர்ந்த மாணவர்கள் இந்த ஊரிலேயே உருவாகிறார்கள். குத்து, கிடை இரண்டையும் ஒரே நேரத்தில் பதியும் ஒரு கருவியை ஆட்டோவில் வைத்து வெளி வீதியிலிருந்து உசிலம்பட்டி வரை, மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை ஓட்டினால் போதும். எந்தக் கிராமத்துக் கோபுரம் இரட்டைத் தாரைக்கு ஏற்றது, எந்தத் தோப்போரக் கோபுரம் ஒரே தாரையைக் காத்து அனுப்ப வேண்டும் என்று அந்த வரைபடம் சொல்லிவிடும். பட்ட மாணவர்கள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அதன் பயன் ஒரு மாவட்டத்துக்கே போகும்.

மூன்றாவதாக, ஊராட்சிக் கட்டடத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் கம்பியில்லா இணைப்பு கொடுக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இரட்டைத் தள ஆன்டெனாவும், இரண்டு தாரைகளும் தனித்தனியே ஓடுவதைச் சோதித்துக் காட்டும் சான்றும் நிபந்தனையாக இருக்க வேண்டும். ஆன்டெனா வாங்கும்போது ஒரு கிளைக்கும் இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நேர்ப்பார்வை கிடைக்கும் சமவெளியில் இரண்டாவது தளத்தைச் சும்மா விடுவது, பாய்கிற தண்ணீரில் பாதியைக் கடைமடைக்கு அனுப்பாமல் மதகை மூடி வைப்பதற்குச் சமம்.

மொட்டைமாடியில் படுத்த கம்பியைக் கொடைக்கானலை நோக்கித் திருப்பிய காலத்தில் ஒரு தளம் போதுமானதாக இருந்தது. ஒரு படம்தான் வந்தது. இன்று கண் மருத்துவம், பாடம், சந்தை விலை, அரசுச் சான்றிதழ் எல்லாம் அதே காற்று வழியே கிராமத்துக்கு வர வேண்டியிருக்கிறது. அந்தக் காற்றில் இரண்டு தடங்கள் இருக்கின்றன. இரண்டும் திறந்திருக்கின்றனவா என்பதை, கோபுரத்தின் அடியில் திருகிய அந்த இரண்டு கேபிள்களையும் தனித்தனியே சோதிப்பவர் உறுதிப்படுத்த வேண்டும்.